மணம் வேறு, தூய்மை வேறு

தலைப்பைப் பார்த்துவிட்டு, இது ஏதோ மல்லிகையைப் பற்றியோ மரிக்கொழுந்தைப் பற்றியோ எழுதிய கட்டுரை என்று எண்ணி வந்த நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் குளியலறையும் கழிவறையும். "சங்க மலருக்கு எழுத வேறு பொருளே அகப்படவில்லையா? சிலம்பு இல்லையா? தாகூர் இல்லையா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத நம்மிடையே பேனாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், காலையில் கண் விழித்ததும் நாம் முதன்முதலில் போய் நிற்கும் இடத்தைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அந்த இடத்தில் என் உயிர் போகத் தெரிந்து மீண்டது. ஆகவே எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

சென்ற ஆண்டுப் பூஜை விடுமுறையில் நடந்தது அது. வங்காள நண்பர்கள் அனைவரும் வீடு சென்றுவிட்டனர். ஊருக்குப் போக இரயிலில் இடம் கிடைக்காத தமிழர் நால்வர் மட்டும் எங்கள் மாடியில் தங்கியிருந்தோம். நாள்தோறும் வந்து கழிவறைகளைக் கழுவும் பெரியவரும் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். அவரை எல்லோரும் 'காக்கா' என்று அழைப்பார்கள். நம்மூர்க் காகம் அன்று. வங்காளத்தில் சிற்றப்பனைக் குறிக்கும் சொல் அது.

காக்கா இல்லாத நான்கே நாளில் கழிவறை இருந்த நிலையை நான் விவரிக்கப் போவதில்லை. நவமியன்று காலை, நண்பர்கள் மூவரும் என்னைப் பார்த்தார்கள். "நீதானே கெமிஸ்ட்ரி படிக்கிறாய்? நீயே ஏதாவது செய்யப்பா" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அலமாரியில் பிளீச்சிங் பவுடர் இருந்தது, அள்ளிக் கொட்டினேன். கறை போகவில்லை. பக்கத்தில் அமிலப் புட்டி இருந்தது. ஒன்றே இவ்வளவு வேலை செய்தால் இரண்டும் சேர்ந்து எவ்வளவு செய்யும் என்று எண்ணினேன், அதையும் ஊற்றினேன்.

புஸ்ஸென்று ஓர் ஓசை. மஞ்சளும் பச்சையும் கலந்த புகை. கண்ணில் மிளகாய்த் தூளை வீசியது போன்ற எரிச்சல். மூச்சை இழுத்தேன், உள்ளே போகவில்லை. நண்பன் ஒருவன் சட்டையைப் பற்றி வெளியே இழுத்துப் போட்டிராவிட்டால், இக்கட்டுரையை வேறு யாரேனும் இரங்கலுரையாக எழுதியிருப்பர். மருத்துவர் ஓரிரவு என்னைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார். காலையில், "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டார். "வேதியியல்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இருமலைவிட அதிக நாள் என்னை வருத்தியது.

நான் செய்த செயலுக்கு உரிய சமன்பாட்டைத் தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். தாளில் தெரிந்தது தரையில் தெரியவில்லை. ஏன்? கழிவறைக் கதவைத் திறந்ததும் அறிவியலை வாசலில் விட்டுவிட்டு, கேள்விப்பட்டவற்றை நம்பிக்கொண்டு உள்ளே போகிறோம். அப்படி நாம் நம்பிவருவனவற்றுள் முக்கியமான சிலவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் தவறு: மணம் வந்தால் தூய்மை வந்துவிட்டது

கழிவறைக்குள் நுழைந்ததும் பினாயில் வாசனை வந்தால் நம் மனம் அமைதி அடைகிறது. வராவிட்டால் ஐயம் கொள்கிறது. நாற்றம் நோய் தரும், நறுமணம் நோய் தீர்க்கும் என்ற எண்ணம் மிகப் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்களே பலர், காலரா கெட்ட காற்றினால் பரவுவது என்று உறுதியாக நம்பினார்கள். 1854-இல் இலண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், காலரா காற்றில் வரவில்லை, ஒரு தெருவின் கைப்பம்புத் தண்ணீரில் வந்தது என்று எடுத்துக் காட்டினார். அப்போதும் பலர் நம்பவில்லை.

அந்த வழக்கின் தீர்ப்பில் நம் ஊருக்கும் பெரும்பங்கு உண்டு. 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் இதே கல்கத்தாவில் தங்கி, காலரா நோயாளிகளிடமிருந்து அதன் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். நகரத்துக் குளம் ஒன்றின் தண்ணீரிலும் அதைக் கண்டார். அதற்கு 75 ஆண்டுகள் கழித்து, 1959-இல், கல்கத்தாவின் வங்காள விஞ்ஞானி சம்பு நாத் தே, அக்கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று நிறுவினார். கிருமிக்கும் மணமில்லை, அதன் நஞ்சுக்கும் மணமில்லை. மூக்கை நம்பி அவற்றைத் தேடுவது, கண்ணை மூடிக்கொண்டு புத்தகம் படிப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் பினாயில் பயனற்றதா? இல்லை. நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பீனால், கிரெசால் முதலிய பொருள்கள் கிருமிகளைக் கொல்லும். அறுவை மருத்துவத்தில் பீனாலைப் பயன்படுத்தி உயிர்களைக் காத்த முறையை ஜோசப் லிஸ்டர் 1867-இல் வெளியிட்டார். கறுப்புப் பினாயில் இந்த வழியில் வந்தது. நம் நகரத்தாருக்கு அதன்மேல் தனி உரிமையும் உண்டு. மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் நிறுவி, 1901-இல் கூட்டு நிறுவனமாக்கிய பெங்கால் கெமிக்கல்ஸின் விளக்குச் சின்னப் பினாயிலை வங்காளத்தில் அறியாத வீடு அரிது. வெள்ளைப் பினாயில் என்பதோ பெரும்பாலும் பைன் மரத்து எண்ணெயைக் கொண்டு செய்வது. மணம் இனிது, கிருமியைக் கொல்லும் ஆற்றல் அவ்வளவு இல்லை.

பினாயிலைத் தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுப்பதைப் பார்த்து, எவ்வளவு வெண்மையோ அவ்வளவு வலிமை என்று எண்ணுவோரும் உளர். எண்ணெய்த் துளிகள் மிக நுண்ணியவாகத் தண்ணீரில் பரவி ஒளியைச் சிதறடிப்பதே அந்த வெண்மைக்குக் காரணம். ஒளிச் சிதறலை இந்நகரத்து பௌபஜாரில் ஆராய்ந்து 1928-இல் உலகப் புகழ் பெற்றவர் நம் சர் சி. வி. இராமன். ஆனால் நண்பர்களே, வாளியில் தெரிவது இராமன் விளைவு அன்று. வெறும் பால் விளைவு!

மூக்கை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு, அது கொடியது. சாக்கடைக் குழிகளிலும் மலக்குழிகளிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு தேங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுதியாக இருந்தால் மோப்ப உணர்வையே அது மரக்கச் செய்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குபவன் திரும்பி வருவதில்லை.

இரண்டாம் தவறு: அமிலம் எல்லாக் கறையையும் போக்கும்

கறை என்று ஒரே பெயரிட்டு நாம் அழைப்பவை பல சாதி. குழாயிலும் ஓட்டிலும் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. நிலத்தடி நீரிலிருந்து வருவது. பழுப்பாகவோ செம்மையாகவோ வழிந்து படிவது இரும்பு. கொல்கத்தாவில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் மிகுதி. குளிக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பது, கடின நீரிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து உண்டாகும் படிவு. மூலைகளில் கறுப்பது பூஞ்சை. வாளி விளிம்பிலும் தரை இடுக்கிலும் இளஞ்சிவப்பாக வழவழப்பது பெரும்பாலும் ஒரு வகைப் பாக்டீரியாவின் குடியிருப்பு.

அமிலம் இவற்றுள் சுண்ணாம்பை நன்றாகக் கரைக்கும். இரும்புக் கறையையும் கரைக்கும். சோப்புப் படிவுக்கும் பூஞ்சைக்கும் அமிலம் தேவையில்லை. சலவைத் தூளும் நல்ல தேய்ப்பும் போதும். ஆனால் அமிலத்துக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது. கறையிலுள்ள சுண்ணாம்பும் தரையிலுள்ள சுண்ணாம்பும் அதற்கு ஒன்றே. சலவைக்கல்லும், மொசைக் தரையிலுள்ள சலவைக்கல் துண்டுகளும், ஓடுகளை இணைக்கும் சிமெண்டும் சுண்ணாம்புச் சேர்மங்களே. வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சிவப்புச் சிமெண்டுத் தரையைக் கண்டிருப்பீர்கள். அதில் அமிலம் பட்டால் மெருகு போய்விடும், சொரசொரப்பு வந்துவிடும். சொரசொரத்த தரையில் அழுக்கு முன்னிலும் விரைவாகப் பற்றும். உடனே, "கறை அதிகமாகிறதே" என்று மேலும் அமிலம் ஊற்றுகிறோம். இப்படியே தரையைத் தின்று தீர்க்கிறோம்.

அம்மா பித்தளைக் குத்துவிளக்கை எதனால் துலக்கினாள் என்று நினைத்துப் பாருங்கள். புளியால் அல்லவா? புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள மெல்லிய அமிலங்கள், குழாயில் படிந்த சுண்ணாம்பையும் சிறிய இரும்புக் கறையையும் போக்கப் போதுமானவை. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைக் குழாயில் அரைமணி நேரம் சுற்றி வைத்துவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். கை வெந்துபோகாது, நெஞ்சும் எரியாது. ஆனால் சலவைக்கல்லுக்கு எலுமிச்சையும் ஆகாது.

கடையில் விற்கும் அமிலப் புட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழிவறைக்கென்று வாங்கிய அமிலமே பெண்கள் முகத்தில் வீசும் ஆயுதமாக மாறியதை நாடு அறியும். அதனால்தான் 2013-இல் உச்ச நீதிமன்றம், வாங்குவோரின் பெயரும் முகவரியும் பதிவு செய்யாமல் அமிலத்தைச் சில்லறையில் விற்கக் கூடாது என்று கட்டளையிட்டது. இவ்வளவு கொடிய பொருள் அலமாரியில் இல்லாமலே கழிவறை தூய்மையாக இருக்கக்கூடும் என்றால், அதை ஏன் வைத்திருக்க வேண்டும்?

மூன்றாம் தவறு: பிளீச்சிங் பவுடரைத் தூவினால் போதும்

பூஜைக்கு முன்பும் மழைவெள்ளம் வடிந்த பின்பும் தெரு ஓரங்களில் வெள்ளைத் தூள் தூவியிருப்பதைக் காண்கிறோம். பார்க்க மன நிறைவுதான். ஆனால் இத்தூளின் வேலை, அதிலிருந்து வெளிப்படும் குளோரினைப் பொறுத்தது. புதிய தூளில் பயன்படக்கூடிய குளோரின் மூன்றில் ஒரு பங்கு அளவு இருக்கும். வெப்பமும் ஈரமும் ஒளியும் பட்டால் அது நாளுக்கு நாள் குறையும். வங்கத்து மழைக்காலத்தில் வாய் திறந்த பையில் மூன்று மாதம் கிடந்த தூள் ஏறக்குறைய வெறும் சுண்ணாம்பே. மூடிய கலத்தில், நிழலில், உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, அழுக்கின்மேல் இதைத் தூவுவது வீண். குளோரின் முதலில் கண்ணில் படும் அழுக்கோடு சேர்ந்து தீர்ந்துபோகும். கிருமிவரை போய்ச் சேராது. முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகே கிருமிநீக்கி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிறு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம், புதிய தூள் போதும். ஊற்றிய உடனே கழுவிவிடக் கூடாது. பத்து நிமிடம் விட வேண்டும். கிருமி சாவதற்கும் நேரம் வேண்டுமன்றோ? வெந்நீரில் கலக்குவதும் தவறு. வெப்பம் அதன் வலிமையை முன்பே சிதைத்துவிடும்.

மூன்றாவதாக, இரும்புக் கறையின்மேல் இதைப் போட்டால் கறை போகாது. இன்னும் அழுத்தமாகப் பதியும். துருவுக்கு ஆக்சிஜனேற்றம் மருந்தன்று, அதுவே நோய். நான் நவமியன்று போராடிய கறை அதுதான் என்று பின்னர் அறிந்தேன்.

நான்காம் தவறு: இரண்டைச் சேர்த்தால் இரட்டிப்பு வலிமை

இது எல்லாவற்றிலும் ஆபத்தானது; என்னைக் கொல்லப் பார்த்தது. பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் கால்சியம் குளோரைடும் தண்ணீரும் குளோரின் வாயுவும் உண்டாகும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நாம் அதை நான்கடிக்கு நான்கடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நம் கையாலேயே உண்டாக்கிக்கொள்கிறோம்.

குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே தரையை ஒட்டித் தங்கும். கழிவறையைத் தேய்ப்பவன் முகம் எங்கே இருக்கிறது? குனிந்த நிலையில் தரைக்கு அருகில்தான். நுரையீரலின் ஈரத்தோடு அது சேர்ந்தால் அங்கேயே அமிலம் உண்டாகும்.

நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே. பிளீச்சிங் பவுடரையோ வெளுப்பு நீர்மத்தையோ அமிலத்தோடு சேர்க்காதீர்கள். கடையில் விற்கும் கழிவறைத் திரவங்கள் பலவற்றிலும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலந்தான் இருக்கிறது. நிறமும் மணமும் கண்டு ஏமாறாதீர்கள். எலுமிச்சையோடும் வினிகரோடும் சேர்க்காதீர்கள். அமோனியா உள்ள பொருளோடு சேர்ந்தால் குளோரமீன் என்ற வேறொரு நச்சு வாயு வரும். கழுவாமல் தேங்கிய சிறுநீரிலும் அதற்கு வேண்டியது உண்டு. தவறிச் சேர்ந்துவிட்டால் வீரம் காட்டாதீர்கள். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். மூச்சை அடக்கி உடனே வெளியேறுங்கள்; கதவைத் திறந்து விடுங்கள்; காற்றோட்டமுள்ள இடத்துக்குச் செல்லுங்கள்; இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும் என்பதால்தான் என்னை ஓரிரவு படுக்க வைத்தார்கள்.

ஐந்தாம் தவறு: தண்ணீரைக் கொட்டினால் தூய்மை

"இரண்டு வாளி தண்ணீர் கொட்டிவிட்டேன்" என்று சொல்லி வெளியேறுவது நம் விடுதி வழக்கம். 1975-இல் அமெரிக்க அறிஞர் சார்ல்ஸ் ஜெர்பா, கழிவறைக் கலத்தில் கிருமிகளைக் கலந்து பலமுறை தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கிருமிகள் குறைந்தன. ஆனால் முற்றிலும் போகவில்லை. கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டவை தங்கின. பாய்ச்சிய வேகத்தில் நுண்துளிகளாக மேலே எழுந்தவையும் உண்டு. கிருமிகள் வழவழப்பான ஒரு போர்வையை நெய்து அதனுள் வாழ்கின்றன. அந்தப் போர்வையைத் தண்ணீர் நனைக்கும், கிழிக்காது. தேய்ப்பான்தான் கிழிக்கும். தேய்த்த தேய்ப்பானையும் கழுவி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூலையில் நிறுத்தினால், நாளை நாம் பூசுவது நேற்றைய அழுக்கே.

தண்ணீரைப் பற்றி இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கொசு சாக்கடையில்தான் பிறக்கும். குளியலறை வாளியின் தெளிந்த நீரில் பிறக்காது என்பது அது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1898-இல் பறவைகளில் ரொனால்டு ராஸ் முழுமையாக நிறுவியது இதே ஊரில்தான். ஆனால் இன்று நம்மை வாட்டும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சேமித்து வைத்த தெளிந்த நீரையே விரும்புகிறது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வாளிச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் அம்முட்டை உலர்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே, வாரம் ஒருமுறை வாளியைக் காலி செய்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்க்க வேண்டும். விடுமுறைக்குப் போகும்போது நிரம்பிய வாளியை விட்டுச் செல்வது, திரும்பி வரும் நண்பனுக்கு நாம் வைத்துவிட்டுப் போகும் நோய்.

ஆறாம் தவறு: குழாயில் போனது போயிற்று

ஊற்றியவை எல்லாம் எங்கே போகின்றன? இந்நகரத்தின் கழிவுநீரில் பெரும்பகுதி கால்வாய்கள் வழியே கிழக்கே போய், ஏறக்குறைய 12,500 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்பு நிலங்களைச் சேர்கிறது. அங்குள்ள 'பேரி'கள் எனப்படும் மீன் ஏரிகளில் வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைத் தூய்மை செய்கின்றன. அந்நீரில் மீனும் வளர்கிறது. இதன் அருமையை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருவஜோதி கோஷ். 2002-இல் அந்நிலங்கள் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம் பெற்றன. நம் கழிவைக் கழுவுவது அங்குள்ள கிருமிகளே. மலக்குழித் தொட்டியிலும் அவ்வாறே. எல்லாக் கிருமியும் பகை என்று எண்ணி அளவின்றி மருந்தை ஊற்றுபவன், தனக்காக உழைப்பவர்களையே ஒழிக்கிறான்.

ஏழாம் தவறு: அது நம் வேலையன்று

இதைக் கடைசியில் வைத்தேன். மற்ற ஆறுக்கும் இதுவே தாய்.

1901-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த, அன்று அதிகம் பேர் அறியாத வழக்கறிஞர் ஒருவர் ரிப்பன் கல்லூரியில் தங்க வைக்கப்பட்டார். அங்குக் கழிவறைகள் இருந்த நிலை கண்டு தொண்டர்களிடம் சொன்னார். அது தோட்டியின் வேலை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் துடைப்பம் ஒன்றைக் கேட்டு வாங்கித் தாமே கழுவினார். காந்தியடிகள் தம் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். ரிப்பன் கல்லூரி இன்று சுரேந்திரநாத் கல்லூரி. அது நிற்கும் சாலையின் பெயர் மகாத்மா காந்தி சாலை.

பலரும் இக்கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாம் நிறுத்தக் கூடாது. ஏனெனில் அதே பக்கத்தில் நம்மவரும் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிரதிநிதிகளுக்கென்று தனிச் சமையலறை இருந்தது. அவர்கள் உண்பதைப் பிறர் பார்த்தாலே தீட்டாம். ஆகவே கல்லூரி வளாகத்தில் தட்டி கட்டி மறைத்து, சமைப்பதும் உண்பதும் கழுவுவதும் ஒரே கூண்டுக்குள், புகை சூழ நடந்தது என்று அவர் வருந்தி எழுதுகிறார். தூய்மையைக் காக்கிறோம் என்று எண்ணியே அவர்கள் அப்படிச் செய்தார்கள். மூச்சு முட்டும் புகைக்கு நடுவே அமர்ந்து, அடுத்தவர் கண்ணை அழுக்கென்று நினைத்தார்கள். தூய்மையைப் பற்றிய தவறான எண்ணங்களில் இதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மனிதர் கையால் மலம் அள்ளும் வேலையை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறங்கி மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023-இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதன் பொருள், சாவு நிற்கவில்லை என்பதே.

லட்சுமி பூஜை கழிந்து காக்கா திரும்பி வந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டு என்னைப் பார்க்க வந்தார். "பாபு, இரண்டையும் சேர்த்தீர்களா? ஒரு நாள் இதைப் போட வேண்டும். மறு நாள் அதைப் போட வேண்டும். சேர்க்கக் கூடாது" என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். இளமையில் வேறோரிடத்தில் வேலை செய்தபோது தாமே ஒருமுறை சேர்த்துவிட்டதாகச் சொன்னார். யாரும் இழுத்து வெளியே போடவில்லை. தாமே தவழ்ந்து வந்தாராம். மருத்துவரிடம் போகவில்லை, மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. அந்த இருமல் முழுவதும் போகவே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இருமுவதை நான் இரண்டாண்டாகக் கேட்டிருக்கிறேன். பீடி இருமல் என்று நினைத்திருந்தேன்.

சமன்பாடு எனக்குத் தெரியும். பொருள் அவருக்குத் தெரியும். இருவரும் ஒரே மாடியில் இரண்டாண்டு இருந்தும் பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் நான் மருத்துவமனை போயிருக்க மாட்டேன். அவருக்குக் கையுறையும் மூடுகாலணியும் இரண்டாண்டு முன்பே கிடைத்திருக்கும்.

இப்போது எங்கள் மாடியில் அமிலப் புட்டி இல்லை. கையுறை இருக்கிறது. ஞாயிறுதோறும் முறை வைத்து நாங்களே கழுவுகிறோம். முறை இதுதான்: சன்னலைத் திறந்து வைத்தல், சோப்பு நீரால் தேய்த்தல், நன்றாகக் கழுவுதல், பிளீச்சிங் நீரைப் பத்து நிமிடம் விடுதல், மறுபடி கழுவி, தரையை உலர விடுதல். இருபது நிமிட வேலை. மணம் ஒன்றும் வராது. தூய்மையான இடத்துக்கு மணம் கிடையாது என்பதை நாங்கள் இப்போது அறிவோம்.

இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. வங்காளத்தில் பெரியவர்களை 'ஆப்னி' என்றும், ஒத்தவர்களை 'துமி' என்றும் விளிப்பார்கள். காக்காவை நான் 'துமி' என்றே விளித்து வந்தேன். மொழி அரைகுறையாகத் தெரியும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. பேராசிரியரிடம் பேசும்போது ஒருமுறைகூட அந்தப் பிழை வந்ததில்லை. இப்போது 'ஆப்னி' என்கிறேன். முதல் நாள் அவர் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ அழைக்கிறேன் என்று எண்ணி.